பழனி திறந்தது, திண்டுக்கல் நின்றது

ஒரே கோப்பு, இரண்டு கணினி

வாட்ஸப்பில் ஒரு பட்டியல் வருகிறது. ஊர்ப் பெயர்களும் அவற்றுக்கு எதிரே தொகைகளும். எல்லாம் தமிழில். கைபேசியில் திறந்தால் பளிச்சென்று படிக்க முடிகிறது. கடையில் இருக்கும் விண்டோஸ் கணினியில், எக்செலில் திறந்தால்? தலைக்கு மேல் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட 'ஆர்', தலைகீழாகத் தொங்கும் கேள்விக்குறி என்று வரி வரியாகக் குப்பை. "ஃபான்ட் இல்லண்ணே, ஃபான்ட் போட்டாச் சரியாயிரும்" என்பார் பக்கத்துக் கடைத் தம்பி. ஃபான்ட் இருக்கிறது. கோப்பும் கெட்டுப்போகவில்லை. பிறகு என்னதான் நடந்தது?

இந்தப் புதிரை இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பார்க்கலாம். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த ஊரிலிருந்து எவ்வளவு சரக்கு வந்தது என்று கூட்டிச் சொல்ல, கோயம்புத்தூரில் படிக்கும் அக்கா மகன் பைத்தான் மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதித் தருகிறான். அவனுடைய மேக் மடிக்கணினியில் நன்றாக ஓடுகிறது. கடைக் கணினியில் ஓட்டினால் வேடிக்கை தொடங்குகிறது. கோப்பில் 'பழனி' என்று மட்டும் இருந்தால் நிரல் வாயைத் திறக்காமல் ஓடி முடிகிறது. 'திண்டுக்கல்' என்று இருந்தால் சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நின்றுவிடுகிறது. மாவட்டத்தின் மற்ற வட்டங்களையும் கொடுத்துப் பாருங்கள். நத்தம் நிற்கும். நிலக்கோட்டை, ஆத்தூர், வேடசந்தூர், கொடைக்கானல், குஜிலியம்பாறை, ஏன் ஒட்டன்சத்திரமே நிற்கும். தப்பிப்பது பழனி ஒன்றுதான்.

முருகன் அருள் என்று விட்டுவிடலாம். காரணம் அதைவிடச் சாதாரணமானது, ஆனால் அதன் பின்னால் இருக்கும் கேள்வி பெரியது. உலகம் முழுக்கப் பல பேர் தங்களை அறியாமலே நம்பிக்கொண்டிருக்கும் ஒரு பழைய பழக்கத்தை, யாரையும் கவிழ்க்காமல் மாற்றுவது எப்படி?

ஆறா, பதினொன்றா, முப்பத்துமூன்றா?

'திண்டுக்கல்' என்ற பெயரில் எத்தனை எழுத்து? தி, ண், டு, க், க, ல். ஆறு. பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும்.

யூனிகோடு என்கிற உலக எழுத்து அட்டவணையைக் கேட்டால் 11 என்று சொல்லும். அதில் 'த' தனி, இகரக் கொக்கி தனி. 'ண' தனி, மேலே வைக்கும் புள்ளி தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியெண் உண்டு. 'த'வின் குறியெண் 2980. துணை எதுவும் இல்லாமல் நிற்பது நடுவில் வரும் ஒற்றைக் 'க' மட்டும்தான். ஆகவே ஐந்து இரண்டு பத்து, அதோடு ஒன்று.

ஆனால் கோப்பு என்பது பைட்டுகளின் வரிசை. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை ஓர் எண்தான் அடங்கும். 2980 அதற்குள் போகாது. ஆகவே அதை 224, 174, 164 என்று மூன்று பைட்டுகளாகப் பிரித்து எழுதுகிறார்கள். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று, பதினொன்றுக்கு 33. இப்படி எழுத்தை எண்ணாக மாற்றி எழுதும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். நாம் பார்த்த இந்தக் குறியாக்கத்தின் பெயர் யூடிஎஃப்-8.

இதை 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில், மேசைமேல் விரிக்கும் தாளில் எழுதி வடிவமைத்தார்கள். அதன் அழகு முதல் 128 எண்களில் இருக்கிறது. பழைய ஆங்கிலக் குறியாக்கத்தில் எந்த எழுத்துக்கு எந்த எண்ணோ, அதே எண்தான் இங்கும். அதனால் அதற்கு முன் எழுதிய எந்த ஆங்கிலக் கோப்பும் ஒரு பைட்கூட மாறாமல் புதிய முறையிலும் செல்லும். புதியது வந்த பிறகும் பழையது உடையாமல் இருப்பதைப் பின்னிசைவு என்று இந்த அத்தியாயத்தில் சொல்வோம். அந்தப் பின்னிசைவுக்கான விலையில் ஒரு பங்கைத் தமிழ் கட்டுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், நமக்கு மூன்று.

காலியாக இருக்கும் ஐந்து கட்டங்கள்

கடைக் கணினிக்கு வருவோம். அக்கா மகனின் நிரல் கோப்பைத் திறக்கிறது. எந்தக் குறியாக்கம் என்று அவன் சொல்லவில்லை. மேக்கில் சொல்ல வேண்டியதில்லை. அங்கே சொல்லாவிட்டால் யூடிஎஃப்-8 என்று பைத்தான் எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அப்படியில்லை. "இந்தக் கணினியின் பழைய வழக்கம் என்ன?" என்று விண்டோஸிடம் பைத்தான் கேட்கும். நம் ஊரில் ஆங்கில அமைப்போடு ஓடும் கணினிகள் இதற்குத் தரும் பதில் 1252 என்ற எண்ணுள்ள மேற்கு ஐரோப்பிய அட்டவணை. பிரெஞ்சுக்காரருக்கும் ஸ்பானியருக்கும் ஏற்பட்டது அது. எக்செல் செய்ததும் ஏறக்குறைய இதுவேதான்.

1252-இல் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. 224 என்றால் சாய்கோடு போட்ட 'ஏ'. 174 என்றால் வட்டத்துக்குள் 'ஆர்'. தமிழ்க் குறிகள் எல்லாமே 224-இல் தொடங்கி, அடுத்து 174 அல்லது 175-க்குப் போகின்றன. உங்கள் குப்பையில் அந்த 'ஏ'வும் 'ஆரும்' மாரியம்மன் திருவிழாக் கூட்டம்போல் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். இகரக் கொக்கியின் கடைசி பைட் 191; அந்தக் கட்டத்தில் இருப்பது ஸ்பானியர்களின் தலைகீழ்க் கேள்விக்குறி.

அந்த அட்டவணையில் ஐந்து கட்டங்கள் காலி: 129, 141, 143, 144, 157. புள்ளியின் மூன்று பைட்டுகள் 224, 175, 141. கடைசி எண்ணைப் பாருங்கள். காலிக் கட்டத்தில் போய் விழுகிறது. 'திண்டுக்கல்'லில் தி-க்கு ஆறு பைட், ண-வுக்கு மூன்று, அதன்மேல் புள்ளிக்கு மூன்று. சரியாகப் பன்னிரண்டாவது பைட்டில் பைத்தான் கையை விரிக்கிறது: 141-க்கு இங்கே எழுத்தே இல்லை.

புள்ளி மட்டுமல்ல. உகரக் குறியின் கடைசி பைட் 129; புள்ளியே இல்லாத மதுரை, 'து'வில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. தனியாக நிற்கும் தமிழ் 'ஏ' 143-இல் முடிகிறது, 'ஐ' 144-இல். பழனியில் இந்த நான்கில் எதுவும் இல்லை. தேனியிலும் இல்லை.

சத்தம் போடாத பிழை

இரண்டில் எது மோசம்? நின்றுபோன திண்டுக்கல்லா, திறந்துகொண்ட பழனியா?

எனக்குச் சந்தேகமே இல்லை, பழனிதான். நின்ற நிரலை யாராவது கவனிப்பார்கள். அக்கா மகனுக்கு ஃபோன் போகும். பழனி விஷயத்தில் நிரலின் உள்ளே மூன்று தமிழ் எழுத்துக்குப் பதில் பன்னிரண்டு ஐரோப்பிய எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. யாருக்கும் தெரியாது. நிரல் திரும்பக் கோப்பில் எழுதும்போதும் அதே 1252-ஐப் பயன்படுத்தினால் அந்தப் பன்னிரண்டு எழுத்தும் பழைய பன்னிரண்டு பைட்டாகவே திரும்பிவிடும். போகும்போது செய்த தவறை வரும்போது செய்த தவறு நேராக்கிவிடுகிறது. கோப்பு சுத்தமாக இருக்கிறது. கைபேசியில் திறந்தால் 'பழனி'. இப்படித் தவறும் தவறும் கழிந்து ஓடும் நிரல்கள் எத்தனை என்று யாராலும் எண்ண முடியாது.

இப்போது அக்கா மகன் எங்கோ படித்துவிட்டு, எழுதும் இடத்தில் மட்டும் 'யூடிஎஃப்-8' என்று சேர்க்கிறான் என்று வையுங்கள். படிக்கும் இடத்தை மறந்துவிட்டான். அன்று இரவு கணக்கை முடித்து நிரல் கோப்பை எழுதுகிறது. பன்னிரண்டு ஐரோப்பிய எழுத்தும் ஆளுக்கு இரண்டு பைட் எடுத்துக்கொள்ள, பழனி 24 பைட் ஆகிறது. மறுநாள் இரவு 48. அதன் பிறகு இரட்டிப்பையும் தாண்டிப் பெருகும். எந்த இரவும் பிழைச் செய்தி வராது. நல்ல எண்ணத்தோடு பாதியளவு செய்த திருத்தம், ஒன்றும் செய்யாமல் இருந்ததைவிட அதிகம் கெடுத்துவிட்டது.

'ஒரு பிரியாணி' என்றால்

சரி, பைத்தானே இதை மாற்றிவிடலாமே? விண்டோஸைக் கேட்காமல் எல்லா இடத்திலும் யூடிஎஃப்-8 என்று வைத்துவிட்டால் தீர்ந்தது அல்லவா?

திண்டுக்கல்லில் கடைக்குள் உட்கார்ந்து "ஒரு பிரியாணி" என்று சொன்னால் சீரகச் சம்பாவில்தான் வரும். யாரும் அரிசியின் பெயரைச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதற்குக் கடைக்காரர் தானாக எடுத்துக்கொள்ளும் இந்தப் பொருளைக் கணினிக்காரர்கள் இயல்புநிலை என்பார்கள். நாளைக் காலை முதல் பாசுமதி என்று ஒரு கடைக்காரர் முடிவெடுத்தால் பாசுமதி கேட்டு வாங்கியவருக்குக் கவலையில்லை. வாயைத் திறக்காமல் சாப்பிட்டுப் போய்க்கொண்டிருந்தவர்தான் ஏமாறுவார். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கடைக்காரரிடம் கணக்கும் கிடையாது. அவர்கள்தான் எதுவும் சொன்னதில்லையே.

நிரல் நூலகம் என்பது பிறர் எடுத்துப் பயன்படுத்துவதற்கென்று எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு. அதன் இயல்புநிலையை மாற்றும்போது அடிபடுவோரும் இப்படிச் சொல்லாமல் இருந்தவர்களே. நம் பக்கத்திலேயே அதற்கு உதாரணம் உண்டு. யூனிகோடு பரவுமுன் தமிழுக்குப் பல குறியாக்கங்கள் இருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி 'டேப்', 'டேம்' என்ற இரண்டைத் தமிழக அரசு தரப்படுத்தியது. யூனிகோடை அரசு தரமாக அறிவித்தது 2010 ஜூனில். இடைப்பட்ட ஆண்டுகளில் அலுவலகங்களிலும் டிடிபி கடைகளிலும் அடித்த கோப்புகள் இன்றும் பழைய வன்தட்டுகளில் கிடக்கின்றன. டேப் முறையில் 128-க்கு மேற்பட்ட எண்களில் தமிழ் உட்கார்ந்திருக்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்ற எழுதிய நிரல் ஒன்று, குறியாக்கம் எதையும் சொல்லாமல் கோப்பைத் திறக்கிறது என்று வையுங்கள். 1252 தரும் ஐரோப்பிய எழுத்துகளை வரிசையாக எடுத்து, இதற்கு இது என்று தமிழாக மாற்றுகிறது. அந்தக் குப்பைதான் அதற்கு மூலப்பொருள். இயல்புநிலை யூடிஎஃப்-8 ஆன மறுநிமிடம் இந்த நிரல் நின்றுவிடும், ஏனென்றால் டேப் கோப்பின் பைட்டுகள் யூடிஎஃப்-8 விதிக்குள் அடங்கா.

ஆக, பழைய இயல்புநிலையால் அடிபடுவதும் தமிழ்தான், அதை நம்பிப் பிழைப்பதும் தமிழ்தான். வெளிப்படையாகத் தெரியும் நடத்தை எதுவாக இருந்தாலும், பயனர்கள் போதிய அளவு பெருகினால், யாராவது ஒருவர் அதை நம்பித் தொழில் நடத்திக்கொண்டிருப்பார் என்பதைக் கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட் பெயரால் ஹைரம் விதி என்கிறார்கள். குறையாகவே இருந்தாலும் நம்புவார்கள்.

2008-இல் நடந்தது

பைத்தான் இதற்கு முன் ஒருமுறை பெரிதாகக் கை வைத்துப் பார்த்திருக்கிறது. பழைய பைத்தானில் மேற்கோள் குறிக்குள் 'திண்டுக்கல்' என்று எழுதி நீளம் கேட்டால் 33 என்று சொல்லும். அதற்குப் பைட்டுதான் தெரியும். மேற்கோளுக்கு முன்னால் 'யு' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால்தான் யூனிகோடாக எடுத்துக்கொண்டு 11 என்று சொல்லும். 2008 டிசம்பர் 3-ஆம் தேதி வெளியான 3.0 பதிப்பில் இயல்புநிலை புரட்டப்பட்டது. எதுவும் சொல்லாவிட்டால் யூனிகோடு. 11.

முடிவு சரியானது. செய்த விதத்தில்தான் கோளாறு. இனி 'யு' தேவையில்லை என்பதால் அந்த எழுத்தையே மொழியிலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்பு யார் அதை எழுதியிருந்தார்கள்? ஆங்கிலம் மட்டும் எழுதியவர்கள் அல்ல. தமிழ், ஜப்பானியம், அரபு என்று எழுதியவர்கள், தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி வைத்தவர்கள். புதிய பதிப்பில் அவர்களுடைய நிரல்தான் முதல் வரியிலேயே பிழை என்று விழுந்தது. சொல்லாமல் விட்டவர் தப்பிக்க, சொன்னவர் மாட்டிக்கொண்ட விசித்திரம். பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஒரே நிரலை ஓட்ட வழியில்லாமல் பலர் புதியதின் பக்கமே வரவில்லை. கடைசியில் ஆர்மின் ரோனகர் என்ற ஆஸ்திரிய நிரலரின் முன்மொழிவை ஏற்று, 2012-இல் வந்த 3.3 பதிப்பில் 'யு'வைத் திருப்பிச் சேர்த்தார்கள். அதற்கு எந்த வேலையும் கிடையாது. இருந்தால் பிழை இல்லை என்பதுதான் அதன் வேலை. 2015-இல் முடிவதாக இருந்த பழைய பதிப்பின் பராமரிப்பை 2020 ஜனவரி 1 வரை நீட்டினார்கள். புரட்டிய நாளிலிருந்து பதினொரு ஆண்டுகள்.

அந்த 11-ஐ ஏன் 6 ஆக்கவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழுக்கென்று எழுதிய 'ஓப்பன் தமிழ்' என்ற நூலகம் இதை நாசூக்காகத் தீர்த்திருக்கிறது. நீளம் கேட்கும் பழைய கட்டளையை அது தொடவில்லை. எழுத்துகளைப் பிரித்துத் தரும் புதிய கட்டளை ஒன்றைத் தனிப் பெயரில் வைத்திருக்கிறது. அதைக் கேட்டால் ஆறு எழுத்து கிடைக்கும். புதிய பெயரில் புதிய நடத்தை. யாருக்கும் ஒன்றும் உடையாது. முடிந்த இடத்திலெல்லாம் இதுவே நல்ல வழி.

பழையதுக்கு முதலில் ஒரு பெயர்

கோப்பைத் திறப்பதில் அந்த வழி செல்லாது. 'ஓப்பன்' என்ற கட்டளை உலகத்தின் ஒவ்வொரு பைத்தான் நிரலிலும் இருக்கிறது. புதிய பெயர் வைத்தால் யாரும் சீந்த மாட்டார்கள், பழையதே தொடரும். இயல்புநிலையைத்தான் மாற்றியாக வேண்டும்.

இந்த முறை அவசரப்படவில்லை. 2018-இல் வந்த 3.7 பதிப்பில், வேண்டுவோர் மட்டும் போட்டுக்கொள்ள ஒரு சுவிட்ச் வைத்தார்கள். போட்டால் அந்தக் கணினியில் எல்லாம் யூடிஎஃப்-8. போடாதவருக்கு எந்த மாற்றமும் இல்லை.

பிறகு இனாடா நவோக்கி என்ற ஜப்பானிய நிரலர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஜப்பானிய விண்டோஸுக்கும் தனியாக ஒரு பழைய அட்டவணை உண்டு; வலி தெரிந்தவர். அதிகம் பதிவிறக்கப்படும் 4,000 பைத்தான் தொகுப்புகளில் 489-இன் அறிமுகக் கோப்பில் ஆங்கிலமல்லாத எழுத்துகள் இருந்தன. அவற்றில் 82, குறியாக்கம் சொல்லாமல் விட்ட ஒரே காரணத்தால், யூடிஎஃப்-8 அல்லாத கணினிகளில் மூலத்திலிருந்து நிறுவவே முடியாமல் நின்றன என்று அந்தத் திட்டம் காட்டியது. எழுதியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். அவர்களுடைய கணினியில் எல்லாம் ஓடியது, அவ்வளவுதான்.

2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பில் இரண்டு சிறு மாற்றங்கள் நடந்தன. ஒன்று, குறியாக்கம் சொல்லாமல் கோப்பைத் திறக்கும் ஒவ்வோர் இடத்திலும் எச்சரிக்கை. அதுவும் கேட்டால் மட்டும். எல்லோர் திரையிலும் கொட்டியிருந்தால் எல்லோரும் அதை அணைத்து வைத்திருப்பார்கள். இன்னொன்று பார்வைக்கு ஒன்றுமே இல்லாதது. குறியாக்கம் கேட்கும் இடத்தில் 'லொகேல்' என்று எழுதலாம் என்றார்கள். அர்த்தம்: இந்தக் கணினியின் பழைய வழக்கம் எதுவோ அதுவே எனக்கு வேண்டும். அதாவது சொல்லாவிட்டால் என்ன நடந்துகொண்டிருந்ததோ, அதைச் சொல்லியே கேட்கும் வழி. என் கணிப்பில் மொத்தத் திட்டத்தின் உயிரும் இங்கேதான் இருக்கிறது. பலகையில் 'சீரகச் சம்பா பிரியாணி' என்று எழுதிப் போட்டாயிற்று. இனி அது வேண்டுவோர் பெயர் சொல்லிக் கேட்கலாம். பெயர் சொன்னவருக்கு அரிசி மாறாது. டேப் கோப்புகளை மாற்றும் நிரல்காரர் 'லொகேல்' என்றோ, இன்னும் தெளிவாக 1252 என்றோ எழுதிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இயல்புநிலையைப் புரட்டுவதென்று 2022-இல் முடிவானது. எந்தப் பதிப்பில் தெரியுமா? 2026 அக்டோபருக்குத் திட்டமிட்ட 3.15-இல். இவ்வளவு தள்ளிப் போட்டதைச் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். பைத்தானின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து ஆண்டுகள் பராமரிப்பு உண்டு. 'லொகேல்' என்ற சொல்லை அறியாத கடைசிப் பதிப்பான 3.9-இன் ஆயுள் 2025 அக்டோபர் வரைதான். ஆகவே 3.15 வரும் நாளில் பராமரிப்பில் இருக்கும் எந்தப் பதிப்புக்கும் அந்தச் சொல் தெரிந்திருக்கும். ஒரே நிரல் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஓடும். 2008-இல் 'யு'வுக்குக் கிடைக்காத வசதி இது. அதன் பிறகும் பழைய வழக்கமே வேண்டும் என்பவருக்கு 2018-இல் வைத்த அதே சுவிட்சை எதிர்ப்பக்கம் திருப்ப இடம் இருக்கிறது.

விண்டோஸ் பக்கமும் சும்மா இல்லை. 2019 மே மாதம் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் நோட்பேட் தன் இயல்புநிலையை யூடிஎஃப்-8 ஆக்கிக்கொண்டது. எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறீர்கள் என்று அதன் அடிவரியில் எழுதியும் காட்டுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ விண்டோஸ் கணினியில் ஒரு பைத்தான் நிரல் ஓடுகிறதா? எழுதிக் கொடுத்த தம்பியைக் கூப்பிட்டு, 3.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் அந்த எச்சரிக்கையைப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குறியாக்கம் சொல்லாத இடங்கள் வரி எண்ணோடு வரும். இப்போதைய கோப்புகளுக்கு 'யூடிஎஃப்-8' என்றும், 2010-க்கு முந்தைய பழைய எழுத்துரு ஆவணங்களைத் தொடும் இடங்களில் 1252 என்றும் எழுதச் சொல்லுங்கள். படிக்கும் இடம், எழுதும் இடம் இரண்டிலும் எழுத வேண்டும். மாற்றுவதற்கு முன் கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, சோதனைக்குப் 'பழனி', 'திண்டுக்கல்' இரண்டையும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் போதாது.